பாட்டு எண் பலகை

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு
ஜெலுத்தோங் தேவாலயத்தின் கதவை நான்தான் திறப்பேன்.
ஆறு மின்விசிறிகள், அதில் ஒன்று முனகும்.
பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு மரப்பலகை.
போதகர் தந்த துண்டுச்சீட்டைப் பார்த்து
தகர எண்களை ஒவ்வொன்றாய் மாட்டுவேன்:
முதல் பாட்டு, நடுப்பாட்டு, காணிக்கைப் பாட்டு.

மற்ற ஆறு நாளும்
டத்தோ கிராமாட் சாலையில்
நாலு நம்பர் கடைக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.
பதினேழு வருடம்.
செத்துப்போன மாமியாரின் ஐசி எண்,
மோதிவிட்டு ஓடிய லாரியின் எண்,
கனவில் பாம்பு எத்தனை முழம் என்பதுகூட எண்தான்.
தட்டிச் சீட்டை நீட்டி
"இந்த வாட்டி அடிக்கும்ண்ணே" என்பேன்.
அந்தச் சொல்லும் சம்பளத்தில் சேர்த்தி.

ஒருமுறை
(ரூபாவதியிடமே ஆறு வருடம் கழித்துத்தான் சொன்னேன்)
முதல் பாட்டு இருபத்தொன்று,
காணிக்கைப் பாட்டு நாற்பத்தேழு.
ஆராதனை முடிந்து, என்னைத் தெரியாத வேறொரு கடையில்
ஒரு வெள்ளி வைத்தேன்.
அடித்தது.
மூவாயிரத்து ஐநூறு.

அடுத்த வாரம் முந்நூற்றைம்பதை உறையிலிட்டு
பேரெழுதாமல் தட்டில் வைத்தேன்.
கூரை ஒழுகலை அடைத்தார்கள் அதில்.
மழை வரும்போதெல்லாம்
பிரசங்கத்தை விட்டுவிட்டு அந்த மூலையைப் பார்ப்பேன்,
சொட்டு விழாத அழகை.

கணக்கு சரி என்றே இருந்தேன்.
பத்தில் ஒன்று அவருக்கு, ஒன்பது எனக்கு.
ஒரு காசு குறைத்ததில்லை,
அவ்வளவு நாணயமான பங்காளி.

அப்புறம் ஒரு புதன்கிழமை.
இடி இல்லை, தரிசனம் இல்லை,
கடையில் குளிர்சாதனம் கெட்டிருந்தது, அவ்வளவுதான்.
துப்புரவுச் சீருடையில் ஒரு பெண்
பத்து வெள்ளித் தாளைக் கம்பி வழியே தள்ளி
"எம்பத்தாறு பன்னெண்டு" என்றாள்.
எங்கேயோ மாட்டிய எண் போலிருந்தது.
"யாரு குடுத்த நம்பர்?"
"ஞாயித்துக்கெழம பஸ்ஸுக்கு நின்னேன்ண்ணே.
சர்ச்சுக் கதவு தெறந்திருந்துச்சு.
உள்ள பலகையில தெரிஞ்சுது."

கதவைத் திறந்தவன் நான்.
பலகையில் மாட்டியவன் நான்.
வாசல் வரை வந்தவளுக்கு
எங்கள் வீட்டிலிருந்து கிடைத்தது இவ்வளவுதான்.
சீட்டை அடித்துக் கொடுத்தேன்.
"அடிக்கும்" என்று சொல்ல வாய் வரவில்லை.

மாதக் கடைசியில் தவுக்கே ஓங்
கோப்பி வாங்கித் தந்து கேட்டார்:
உன் சாமி மாசம் எவ்வளவு தருவார்?
கேலி இல்லை. என் மேல் அக்கறையுள்ள மனிதர்,
நிஜமாகவே தொகை கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
இன்னும் தெரியவில்லை.

ரூபாவதி அழவில்லை.
கார் தவணைப் புத்தகத்தை மேசையில் போட்டாள்.
ஒரு பக்கம் புரட்டினாள், மூடினாள்.
"முழுசா போறதுன்னா பஸ்ஸுலயே போவோம்."

இப்போது விடியற்காலை மூன்றரைக்கு
மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறேன்.
ஆயிரத்து நூறு வெள்ளி குறைவு.
விரல் இடுக்கில் கெளுத்தி வாடை,
எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது.
அப்பத்தை வாங்க நீட்டிய கையைக்
கூச்சத்தோடு கொஞ்சம் கீழேயே வைத்திருந்தேன் முதல் வாரம்.
போதகர் குனிந்து வைத்தார்.

அந்தப் பெண் மறுபடி வரவில்லை.
பஸ் தடம் மாறியிருக்கலாம்.
இரண்டாவது கதவையும் இப்போது திறந்து வைக்கிறேன்,
வெயில் நேரே மூப்பர்கள் முகத்தில் அடிக்கிறது,
புகார் வந்திருக்கிறது.

பொய் சொல்லமாட்டேன்.
இன்று முதல் பாட்டு முப்பத்தெட்டு,
கடைசிப் பாட்டு தொண்ணூற்றொன்று.
எண்ணை ஆணியில் மாட்டும்போது
விரல் ஒரு கணம் தானாக நின்றது,
இரண்டையும் சேர்த்துப் படித்தது.

ஆண்டவரே,
பத்தாவது பங்கு உமக்குப் பழகியதுதான்.
மீதி ஒன்பதோடு
நின்றுபோன அந்தக் கணமும் இருக்கிறது,
மீன் வாடையோடு.
எடுத்துக்கொள்ளும்.
நான் நடுப்பாட்டை மாட்ட வேண்டும்,
மணி ஏழரை ஆகப்போகிறது.