சேர்ந்து சமைக்கிறீர்களா?

நூலகத்தின் மூன்றாவது கணினியில்
என்டர் விசை லேசில் அமுங்காது, ஓங்கிக் குத்த வேண்டும்.
டுலூத்தில் அன்று மைனஸ் பதினெட்டு.
ஜன்னலுக்கு வெளியே
ஏரி புகைந்துகொண்டிருந்தது.

காலையில் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு
மாலைச் சுற்றுக்குக் கிளம்பும்வரை எனக்கொரு இடைவெளி.
அதற்குச் சம்பளம் கிடையாது.
அரசாங்கத்தில் எனக்கென்று என்ன இருக்கிறதென்று
அந்த நேரத்தில்தான் தேடினேன்.

என்னென்னவோ இருந்தன.
கைக்குழந்தைக்கு உண்டு. உழுகிறவனுக்கு உண்டு.
ஜன்னல் இடுக்கை அடைக்க உண்டு.
ஒரு டாலர் போட்டால் மேலே மூன்று போடும்
சேமிப்புக் கணக்குகூட உண்டாம்.
அந்த ஒரு டாலருக்கு எங்கே போவதென்றுதான்
எந்தப் பக்கத்திலும் போடவில்லை.

உணவு உதவிப் படிவம், நான்காம் கேள்வி:
இவ்வீட்டில் வேறு யாரும் வசிக்கிறார்களா?
அக்கா. லெம்பி கோஸ்கெலா. ஐம்பத்தெட்டு.
ஐந்தாம் கேள்வி:
சேர்ந்து வாங்கி, சேர்ந்து சமைத்து உண்கிறீர்களா?

அப்பாவின் படகை
என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் விற்றது அக்டோபரில்.
அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில்
மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு.
உப்புகூட இரண்டு ஜாடி.
அவள் ஐந்தரைக்குச் சமைப்பாள், நான் ஏழுக்கு.
அவள் சூடு ஆறிய அடுப்பில்தான்
என் பாத்திரம் ஏறும்.

இல்லை என்று குத்தினேன், ஓங்கி.
தனி உலை, தனிக் குடும்பம்.
பதினோராம் நாள் அட்டை வந்தது.
சண்டை போட்டதற்கு
மாதம் தொண்ணூற்று நான்கு டாலர்.

கணப்பு உதவிக்கு வேறு அலுவலகம், வேறு கணக்கு.
நாற்பது நிமிடம் பியானோ கேட்ட பிறகு
மாய் ஷியோங் என்ற பெண் பேசினாள்.
"வீட்டுக்கு ஒரே கொதிகலன்தானே அம்மா?"
ஒன்றுதான்.
"அப்படியானால் ஒரே குடும்பம்.
அக்காவின் மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும்.
கையெழுத்தும்."

பசிக்கு நாங்கள் இரண்டு.
குளிருக்கு ஒன்று.

எந்த வாயால் கேட்பது?
கையெழுத்திட வேண்டிய இடத்தில்
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு
அவள் கதவுக்கடியில் தள்ளினேன்.
விடிந்தபோது
என் பனிக்காலணிக்குள் எல்லாம் மடித்துச் செருகியிருந்தது.

பேருந்தின் எஞ்சின் சூடேறும்வரை
உள்விளக்கைப் போட்டுப் படித்தேன்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வாரம் நாற்பது மணி நேரம்,
எனக்குத் தெரிந்த லெம்பிக்கு.
சீட்டில் பத்தொன்பது.
செப்டம்பரில் பத்தொன்பது. அக்டோபரில் பத்தொன்பது.
படகு விற்ற அந்த மாதமும்
மின்கட்டணத்தில் தன் பாதியை
சில்லறையோடு எண்ணி மேசையில் வைத்திருந்தாள்.
ஒரு சென்ட் குறைவாக இருந்ததென்று
நான் சீட்டெழுதி ஒட்டியது நினைவுக்கு வந்தது.

"குட் மார்னிங் மிஸ் ஐலா" என்று
முதல் குழந்தை ஏறியது.
இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் திரும்பினேன்.

மாலை ஐந்தரைக்குச் சமையலறைக்குள் போனேன்.
லெம்பி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
தோல் தடிமனாக வந்தது, எப்போதும் அவளுக்கு அப்படித்தான்.
கீழ்த்தட்டிலிருந்து கேரட்டை எடுத்துக் கழுவினேன்.
குழாய்ச் சத்தம் நின்றது.
"பானை சின்னது" என்றாள்.
பெரியதை இறக்கினேன்.

ஆறு மாதத்தில் படிவம் மறுபடி வரும்,
ஐந்தாம் கேள்வியோடு.
அதுவரை காத்திருக்கலாமா, இப்போதே சொல்ல வேண்டுமா,
இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டினால்
அட்டையில் ஏறுமா இறங்குமா,
எனக்குத் தெரியவில்லை.
நாளை இடைவெளியில் அழைத்துக் கேட்க வேண்டும்.
நாற்பது நிமிடம் பியானோ.
ஸ்பீக்கரில் போடுகிறேன்,
லெம்பியும் கேட்கட்டும்.