செப்பேடு

வைரவ ஆசாரி, உளியைக் கொஞ்சம் நிறுத்தும்.
பழைய ஏடு உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிட்டது,
புதிதாக வெட்ட உத்தரவு, தெரியும்.
'எதிரிப் படையைச் சிதறடித்த சூரன்
சேகு ராவுத்தனுக்கு' என்று வெட்டுவீர். வெட்டும்.
கேட்டுவிட்டு வெட்டும்.

அந்த வருஷம் தேவிபட்டினத்துக்கு ஒரே மரக்கலம்.
நாற்பத்தொரு குதிரையில் முப்பத்திரண்டுதான் உயிரோடு.
வயிற்றில் கயிறு கட்டிக் கடலில் இறக்கினோம்,
மூக்கை மட்டும் மேலே வைத்து நீந்தி வந்தன.
மூத்தவர் பதினாறு வாங்கினார். இளையவர் பதினாறு.
ஒரு தகப்பன் பிள்ளைகள்,
விலையும் ஒன்றாகவே பேசினார்கள்.

நான் மூத்தவர் பக்கம். மச்சான் உதுமான் அந்தப் பக்கம்.
என் தங்கை காய்ச்சிய நோன்புக் கஞ்சியை
ஒரே பானையில் குடித்துவிட்டு
வேறு வேறு லாயத்துக்குப் போவோம்.

உப்பூர்ச் சதுப்பில் மோதினோம். தை மாதத்து விடியல்.
உமரி சிவந்து கிடந்தது;
ரத்தம் இல்லை, அது எப்போதும் அப்படித்தான்.
பாய்ந்தோம்.
என் குதிரை கனைத்தது.
எதிரே ஒன்று பதில் சொன்னது.

ஐம்பது நாள், ஆசாரி, ஒரே இருட்டில்
ஒன்றின் சாணியில் மற்றொன்று நின்று வந்தவை.
முப்பத்திரண்டும் நின்றுவிட்டன.
கழுத்தை நீட்டி மோந்து பார்த்துக்கொண்டன,
சந்தையில் சொந்தத்தைக் கண்ட பெண்டுகள் மாதிரி.
மேலே நாங்கள், ஈட்டியும் கையுமாக.
உதுமான் சிரித்துவிட்டான்.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
கடிவாளத்தைத் தளர்த்திக் குனிந்து
குதிரையின் காதில் என்னவோ சொன்னான்.
பிடரி தெரிந்தது.

மற்றது ஊருக்குத் தெரியும்.
வலது காலுக்குப் பொற்கழல். பல்லக்கு.
திருப்பாலைக்குடிக்குக் கிழக்கே
சந்திர சூரியர் உள்ளவரை நிலம்.
அளந்து பார்த்தேன், முக்கால்வாசி களர்.

மூத்தவருக்குப் பிள்ளையில்லை.
ஆள்வது இன்று இளையவர் மகன்.
ஏட்டில் இருக்கிற எதிரி அவருடைய தகப்பன்;
ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றாராமே?
என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.
கழலுக்கு அவ்வளவு மரியாதை.
என் தங்கை
நான் வாசலில் நிழலாடினால்
அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.
முப்பது வருஷமாக அந்த முதுகோடுதான் பேசுகிறேன்.

அந்தக் குதிரையும் கிழமாகித்தான் செத்தது.
அதன் பிறகு ஒருநாளும் கனைக்கவில்லை.

சரி, வெளிச்சம் போகிறது. வெட்டும்.
'சிதறடித்த' நீளமான சொல்.
தகட்டில் இடம் போதாவிட்டால்
'நின்ற' என்று போடும்.
எழுத்துக்கூலி குறைந்தால் நான் தருகிறேன்.