எட்டுத் தட்டு

சிவகங்கைக்கு மாற்றலாகிப் போன ஏ.இ.
மிக்சியோடு சேர்த்து என் தலையில் கட்டியது இந்தக் கீபோர்டு.
இரண்டும் சேர்த்து நாலாயிரம்.
மிக்சி மூன்றாம் மாதம் கருகியது.
இது ஓடுகிறது.

பியானோ என்றுதான் சொல்லுவேன்.
அரசரடி மின்வாரிய அலுவலகத்தில்
புகார் போன் எடுக்கிறவன் பியானோ கற்கிறான் என்றால்
வாயில் போண்டாவோடு சிரிக்கிறார்கள்.
"மேஜர் ஸ்கேலா? அது நம்ம சங்கராபரணம்யா"
என்கிறார் கணக்குப் பிரிவு துவாரகநாத்.
இருக்கட்டும்.
அவருக்கு அது ராகம்.
எனக்கு இன்னும் எட்டுக் கட்டைகள்.

சனிக்கிழமை நரிமேட்டில் வகுப்பு.
ஹெப்சிபாவுக்கு வயது இருபத்திரண்டு.
முதலில் அங்கிள் என்பாள், பிறகு அதட்டுவாள்.
"முழு, முழு, அரை.
முழு, முழு, முழு, அரை.
எங்க தொடங்கினாலும் இதே கணக்குதான் அங்கிள்."
என் பாஷையில் புரிந்துகொண்டேன்:
கறுப்புக் கட்டையெல்லாம் மின்கம்பம்.
இரண்டு கம்பம்,
கம்பமே நடாத ஒரு சந்து,
அங்கிட்டு மூன்று கம்பம்.
இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் அந்தச் சந்து.
அங்கேதான் நான் விழுவேன்.

கட்டைவிரல்
நாற்பத்தாறு வருஷமாய்ப் பேனா பிடித்தது,
ரிசீவர் பிடித்தது, சோறு உருட்டியது.
யாருக்குக் கீழேயும் குனிந்து போனதில்லை.
இப்போது நடுவிரலுக்கு அடியில் நுழைந்து
எஃப்பைத் தொட வேண்டுமாம்,
தொட்டது தெரியாமல்.
என்னுடையதோ
நிலையில் தலை இடித்துக்கொண்டே
உள்ளே வருகிற விருந்தாளி.

இரவு பத்துக்கு மேல் ஹெட்போன்.
எங்கள் செல்லூர் வீட்டுச் சுவருக்கு
அடுத்த வீட்டு இருமலே அந்நியமில்லை.
எனக்குக் கேட்பது
பெரிய கூடம் ஒன்றில் எதிரொலிக்கும் பியானோ.
இந்துராணிக்குக் கேட்பது
டக். டக். டக். டொக்.
பூண்டு உரித்தபடி, நிமிராமல்,
"நாலாவது" என்பாள்.
திரும்பப் பிடிப்பேன்.
"நாலாவது."
ஜி மேஜருக்குப் போனேன்,
புது வழி, புதுக் கறுப்புக் கட்டை.
"இப்பவும் நாலாவதுதான்.
ஏழாவதுல வேற பதுங்குறீங்க."
ஒரு சுரமும் காதில் விழாதவள்
எப்படிச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.
கடுப்பாக இருந்தது.

போன வியாழன் ராத்திரி
டி மேஜர் பாதியில்
கரண்டு போயிற்று.
தெருவே ஒரே குரலில் "ஏய்ய்" என்றது.
செல்போன் ஒளிர்ந்தது. மூன்றாம் வீட்டு அய்யாவு.
"சார், எப்ப வரும்?"
பகலில் ஐம்பது பேருக்குச் சொன்னதையே
அவருக்கும் சொன்னேன்:
லைன்மேன் போயிருக்காரு.
விரல்கள் கட்டைகளின் மேல்
அப்படியே நின்றிருந்தன.
கரண்டு போனதை
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுச்
சும்மாதான் தொடர்ந்தேன், இருட்டில்.
டக். டக். டக்.
டொக்.

அட.

பிளாஸ்டிக், அடியில் ஸ்பிரிங்,
நகம் உரசுகிற சத்தம்,
கட்டைவிரல் வந்து விழுகையில்
மேசையின் ஒரு கால் ஆடுவது.
ஒன்றரை வருஷமாய்
இதைத்தான் கேட்டிருக்கிறாள்,
பியானோ எடுக்கப்பட்ட என் பியானோவை.
அந்தப் பெரிய கூடத்து எதிரொலி
எனக்காக எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறது!

திரும்ப டி-யிலிருந்து. மெல்ல.
பூண்டுத் தோல் சரசரப்பும் நின்றிருந்தது.
முழு. முழு.
சந்து.
கட்டைவிரல் குனிந்ததா, தெரியவில்லை,
மேசை ஆடவில்லை.
பதுங்காமல் ஏழு.
எட்டு.

இருட்டுக்குள் ஒரு பேச்சும் இல்லை.
பிறகு,
கம்பத்து உச்சியில் நிற்கிறவனிடம் சொல்வதுபோல்
கீழேயிருந்து அவள்,
"சரி, பாத்து எறங்குங்க."