பத்து பத்து

ரசீது இலக்கம் நூற்றுப் பதினெட்டு.
ரீல் ஒன்று, உள்ளே ஸ்பிரிங் உடைவு.
கூடவே, நாலாகக் கழற்றிக் குழாயில் போட்ட கோல்.
உப்புவெளியில் தங்கியிருந்த வெள்ளைக்காரர்
வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார்.
எந்த வெள்ளி என்று நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கடந்தால் கடை பொறுப்பல்ல
என்று நான்தான் எழுதித் தொங்கவிட்டேன்.
ஆனாலும் ஒரு மேசை மணிக்கூட்டின் ஸ்பிரிங்கைப் போட்டு
ஒன்றரை வருடம் தூசு தட்டி வைத்திருந்தேன்.
போனில் நேரம் பார்க்கிற ஊரில்
மணிக்கூடு திருத்துகிறவனுக்கு
ஈ ஓட்டுவதுதான் முழுநேர வேலை.
ஈயை வைத்தே மீன் பிடிக்கலாம் என்று
குழாய்க்குள் சுருட்டியிருந்த தாளில் படம் இருந்தது.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

கோல் பின்னே இரண்டு மணிக்குப் போய்
முன்னே பத்து மணியில் நிற்கவேண்டுமாம்.
அண்ணாந்து பார்த்தேன்.
விற்காத சுவர் மணிக்கூடுகள் பதினாறும்
பத்து மணி பத்து நிமிடத்தில்
கைகளை விரித்துக்கொண்டு நின்றன.

டச்சுக் குடா, விடிய ஐந்தரை.
முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல்.
முதல் வீச்சு என் காதைச் சுற்றியது.
இரண்டாவது, செருப்பை.
ஏழாவதை ஒரு புள்ளிமான் வந்து மென்றது,
கோட்டை வாசலில் பஸ்ஸை மறிக்கிற அதே மிதப்புடன்.
கரைவலைக்காரர் கயிற்றோடு நின்று பார்த்தார்கள்.
"என்ன தம்பி, சாட்டையால கடலுக்கு அடிக்கிறியோ?
அது உனக்கு என்ன செய்தது?" என்றார் செபமாலை.
கேட்ட வேகத்தில் அவரே வேறுபக்கம் பார்த்தார்.
அது என்ன செய்தது என்று
இந்தக் கரையில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

பிழை பிடிபடப் பதினொரு நாள்.
அவசரம்.
பின்னால் போன நூல் விரிந்து முடியுமுன்
முன்னால் இழுத்துவிடுகிறேன்.
கழுத்தைத் திருப்பிப் பார் என்கிறது தாள்.
திரும்பிப் பாராதே, நட, என்று சொல்லிச் சொல்லியே
எங்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள்.
பார்த்தேன்.
நூல் மடிப்பவிழ்ந்து, நீண்டு,
ஒரு கணம்
நேராய்க் கிடந்தது காற்றில்,
எதிலும் படாமல்.

ஈ கட்டுவது கஷ்டமில்லை.
பூதக்கண்ணாடி இருக்கிறது, சாமணம் இருக்கிறது.
கோழிக்கடை நஸ்லிம் தந்த கழுத்திறகு,
செத்த இயர்போனின் செப்புக் கம்பி,
சுகிர்தாவின் கூறைச்சேலையில்
அவளுக்குத் தெரியாமல் இரண்டு அங்குலம் சரிகை.
முடிந்தபோது அது ஈ மாதிரி இல்லை,
நெத்தலி மாதிரியும் இல்லை.
ஏதோ ஒரு கைக்கடிகாரத்திலிருந்து
தப்பி ஓடிய உதிரிப்பாகம்.

உள்துறைமுகம். மூதூர் லோஞ்ச் கட்டுகிற இடத்துக்கு அப்பால்
முழங்கால் தண்ணீர்.
எறிந்தேன். இழுத்தேன், ஒரு சாண், இன்னொரு சாண்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு பாரைக்குஞ்சு
கடன்காரனைக் கண்டதுபோலக் கோபமாய் வந்து
கடித்தது.
நான் கோலைத் தூக்கினேன்.
தூக்கக்கூடாது. இடக்கையால் நூலை இழுக்கவேண்டும்.
தாளில் தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தது.
தண்ணீர் பழையபடி மூடிக்கொண்டது.

"எத்தினை கிலோ?" என்றாள் சுகிர்தா.
"போயிற்று."
"போனதுக்கு ஏன் சிரிக்கிறீங்கள்?"

இறகு பிய்ந்த ஈ இப்போது
கண்ணாடிப் பெட்டிக்குள், பற்றரிகளுக்குப் பக்கத்தில்.
நேற்று ஒரு பிள்ளை தோடு என்று நினைத்து
விலை கேட்டாள்.
ரசீது நூற்றுப் பதினெட்டை நான் கிழிக்கவில்லை.
வெள்ளிக்கிழமைகளில் மட்டும்
கடையைக் கொஞ்சம்
வெள்ளெனப் பூட்டிவிடுகிறேன்.