மரத்துப்போதல்

மஞ்சிமப்பில் ஜனவரி.
தகரக் கொட்டகைக்குள் நாற்பத்திரண்டு டிகிரி.
பசைக்குக்கூட அவசரம்.

டெஸ் கவானா வண்டியிலிருந்து இறக்கியது
ஐந்தடி நீள ஜாரா.
இடித்துத் தள்ளிய மதுவிடுதியின் கவுன்டர்.
தொண்ணூற்று நான்கில் அதன்மேல் ஏறி நின்று
பூட்ஸ் காலோடு கிட்டார் வாசித்ததற்கு
அவனுக்கு வாழ்நாள் தடை.
விடுதியின் வாழ்நாள் முந்திக்கொண்டது.
இப்போது அங்கே டயர் கடை.
இருநூறு டாலர் கொடுத்து வாங்கிவந்திருக்கிறான்
தன்னை வெளியே தள்ளிய பலகையை.

ப்ரொன்வின் ஹாஸ்கெட்
பதினாறு வருடம் பல்செட் செய்தவள்.
ஒரு வாய்க்கு வார்த்தது
இன்னொரு வாய்க்கு ஆகாது.
பலகையை அப்புறம் பார்க்கலாம் என்று
அவன் இடது கையை வாங்கி விரித்தாள்.
ஒவ்வொரு விரலாக அழுத்தினாள்.
இங்கே?
தெரியுது.
இங்கே?
தெரியுது.
மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும்
அவன் ஜன்னலைப் பார்த்தான்.

பன்பரி துறைமுகக் கிரேனில்
இருபது வருடம் முழங்கை ஊன்றியதில்
நரம்பு நசுங்கி
மரத்துப்போன இரண்டு.

ஜாரா வைரம் பாய்ந்த மரம்.
மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் செங்கல்.
மூன்றாவது அறுப்பில் பட்டைவாள் அலறியது.
உள்ளே ஓர் ஆணி.
வாளில் பதினான்கு பல் காலி.
பல் போனால் சொல் போச்சு என்பது
அவளுக்குத் தெரியாத பழமொழி.
அப்போது அவள் சொன்ன சொல்லை
இங்கே எழுத முடியாது.

வெட்டிய உடலைத் தீவனக் கடைத் தராசில் வைத்தார்கள்.
ஐந்து கிலோ எழுநூறு.
மாட்டினால் தோளும் மரத்துப்போகும்.
எனவே குடைந்தாள்,
நான்கு நாள், உள்ளுக்குள்ளே,
மேலே மூடப்போகும் பலகைக்கு மட்டும் தெரிய.
உள்ளே என்ன வைப்பே என்றான்.
காற்று. அதுக்குக் காசில்லை.
குடைந்தெடுத்த சில்லுகளை எரிக்கவும் முடியாது,
தீத்தடைக் காலம்.
சாக்கில் கட்டிக் குளிர்காலத்துக்கு வைத்தாள்.

கழுத்துக்குக் குயின்ஸ்லாந்து மேப்பிள்.
ஒரு தோள் பருத்து, ஒரு தோள் மெலிந்து,
கடையில் பார்த்தால் கோணல் என்பார்கள்.
விரல் மறந்த இடத்தை
உள்ளங்கை நினைத்துக்கொள்ளட்டும் என்று
அரத்தால், காகிதத்தால்,
கடைசியில் வெறும் கட்டைவிரலால் தேய்த்தாள்.

அதன்மேல் கிட்ஜி. இரும்புக்குத் தம்பி.
மழைக்கு முன்னால் நாறும் மரம்.
காய்ந்த பலகை நாறாதாம்.
பிப்ரவரியில் ஒரு பிற்பகல்
மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து
வானத்தைப் பார்த்தாள்.
ஒரு மேகமில்லை.
பக்கத்துத் தோட்டத்தில் க்ளெம் ஆட்டெரு கொட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு மெட்டு அடித்தாள்.
பிறகு காந்தத்தில் செம்புக் கம்பி,
முடியை விட மெலிசு, எட்டாயிரம் சுற்று.
பழைய தையல் மிஷின் மோட்டார் சுற்ற
அவள் எண்ண
நாலாயிரத்துச் சொச்சத்தில் போன் அடித்தது.
ஆச்சா? டெஸ்தான்.
எண்ணிக்கை போயிற்று.
அந்தக் குரலில் எத்தனை சுற்று என்று
இனி யாருக்கும் தெரியாது.

ஏப்ரல்.
மாட்டிக்கொண்டான். மூன்று கிலோ தொள்ளாயிரம்.
ஆம்ப்ளிஃபயர் உறுமியதும்
கொட்டகை நாய் எழுந்து போயிற்று.
அவன் கண்ணால் பார்த்துப் பார்த்து
சுண்டு விரலை நரம்பின்மேல் இறக்கினான்,
காற்றுள்ள நாளில் கன்டெய்னர் இறக்குவதுபோல.
பிசகியது.
தூக்கினான். மறுபடி இறக்கினான்.

விரலுக்குத் தெரியவில்லை.
விலாவுக்குத் தெரிந்தது.
அவள் குடைந்து விட்ட வெற்றிடம்
அவன் எலும்பில் சாய்ந்துகொண்டு
ரொம்ப நேரம் நடுங்கியது.

பிறகுதான் பார்த்தான்,
பாலத்துக்குக் கீழே ஒரு கறுப்பு வட்டம்.
பீர் கிளாஸ் தடம்! விட்டுவைச்சிருக்கியே!

அத்தனை தடமும் இழைப்புளியில் போய்விட்டன.
இது ஆணித் துரு, மரத்தில் ஊறியது.

பல்செட் பொருந்திவிட்டால்
வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது.
ப்ரொன்வின் ஒன்றும் சொல்லாமல்
பதினான்கு பல்லுக்கான பில்லை நீட்டினாள்.