ஆறாயிரம் லீற்றர்

கச்சான் காற்று
மண்ணை அள்ளிக் கண்ணாடியில் அடிக்கும் ஆவணி.
கிரானில் ஆறாயிரம் லீற்றர் ஏற்றி
புலிபாய்ந்தகல் தாண்டி
குடும்பிமலைப் பக்கம் ஓடுவேன்,
கிழமைக்கு மூன்று தரம்.
வீட்டுக்கு நூறு.
கைக்குழந்தை இருந்தால் இருபது கூட.
கொப்பியில் ஒப்பம்.
குழாய் மூடிய பிறகும் சொட்டுவதற்கு
ஒரு கோப்பை வந்து நிற்கும்.

அன்றைக்கு வேளைக்கே முடிந்துவிட்டது.
வெறும் தாங்கிக்கு வேறு சத்தம்.
குழியில் விழும்போதெல்லாம்
உள்ளே யாரோ கதவைத் தட்டுவார்கள்.
"அண்ணன், ஒள்ளுப்பம் இடப்பக்கம் கிறுகுங்க"
என்றான் பேரின்பராசா.
"ஒரு மடு இரிக்கு. காட்டுறன்."

பாலை மரத்தடியில் பவுசரை விட்டோம்.
ஆறு என்று அவன் காட்டியது மணல்,
செருப்பைத் தாண்டிச் சுடுகிற வெள்ளை மணல்.
நடுவால் ஒரு யானை போன தடம்.
தடத்துக்குள் சருகு.

மறுகா கல்.
இரண்டு பக்கமும் எழும்பி
வானத்தை ஒரு சாரத்தின் அகலத்துக்குக் கிழித்தது.
உள்ளே போகப் போக
காற்று மேலேயே நின்றுவிட்டது,
எங்களோடு வர மனமில்லாமல்.
கல்லைத் தடவினேன்.
என் தலைக்கு மேலே, கைக்கும் மேலே
வெள்ளம் கீறிய கோடுகள்.
மாரியில் எவ்வளவு வந்தது என்று
அதுவும் கொப்பி வைத்திருந்தது.

வளைவில் கிடந்தது.
பச்சையில்லை, கறுப்புமில்லை.
மருத வேருக்கும் பாறைக்கும் நடுவே
யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன இருட்டு.
சேர்ட் பொத்தான் கழற்றவும் பொறுமையில்லாமல்
பேரின்பராசா பாய்ந்தான்.
சத்தம் கல்லில் முட்டி
நாலு தரம் திரும்பி வந்தது.

நான் பாயவில்லை.
கணக்குப் பார்த்தேன்.
நீளம் இருபது அடி, அகலம் பன்னிரண்டு.
ஆழம்?
அவன் அடியில் நின்று கையை உயர்த்தினான்,
விரல் நுனியும் தெரியவில்லை.
பத்து அடி என்று வைத்தால்
பதினொரு பவுசர்.
அறுநூற்று எண்பது வீடு.
இந்தக் கல்லுக்குள் பவுசர் வராது,
தெரியும்.
தெரிந்தும் இன்னொரு தரம் பெருக்கிப் பார்த்தேன்.

மறுகா இறங்கினேன்.
மேல்தண்ணீர் ஆறிய தேத்தண்ணீர்.
கால் பட்டது மார்கழியில்.
மீன்குஞ்சுகள் வந்து
ஒவ்வொரு விரலாக விசாரித்தன.
வாய் நிறைய மொண்டேன், குடித்தேன்,
கொஞ்சம் துப்பினேன்,
துப்பியதற்கு வெட்கப்பட்டேன்.
பிறகு மல்லாந்து கிடந்தேன்.
மூன்று மாதமாகத் தண்ணீரை நான் தூக்கினேன்.
இன்றைக்கு அது என்னைத் தூக்கியது,
ஒப்பம் கேட்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லப்படாது"
என்றான் துவட்டிக்கொண்டே.
"ஆனை குடிக்கிற தண்ணி. ஆக்கள் வந்தா…"
மிச்சத்தைச் சொல்லவில்லை.
சொல்லாததுக்குத் தலையாட்டினேன்.

சந்தியில் நேசமலர் மறித்தாள்.
காலையில் காய்ச்சலாம்,
வரிசைக்கு வர ஏலாமல் போச்சாம்.
அடியில் ஏதும் மிஞ்சியிருக்குமோ?
வால்வை முழுக்கத் திறந்தேன்.
துருநிறத்தில்
வாளியின் அடி நனைய வந்தது.

அவள் வாளியைப் பார்க்கவில்லை.
என் காதுக்குப் பின்னால் இறங்கி
கொலரில் விழுந்த துளியைப் பார்த்தாள்.
இன்னொன்று விழும்வரைக்கும் பார்த்தாள்.
பேரின்பராசா தொப்பியை இழுத்து விட்டான்.
ஏசுவாள் என்று நின்றேன்.
ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

வாளியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.
தெருவில் ஆளிருக்கா என்று பார்த்தாள்.
குரலைத் தாழ்த்தி,
காய்ச்சல் காய்ந்த உதட்டோடு கேட்டாள்:

"தலை தாழுமோ?"

"தாழும்" என்றேன்.