வடக்கு பார்த்த பெட்டி

எங்கள் தெருவின் மின்வெட்டு
காலை நாலு முதல் ஆறரை.
பச்சைத் தண்ணீரில் குளித்து
ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்கு ஓடி மூன்று வாரம்.
சாட்ஸ்வர்த்தின் ஜூலை, பல் கிட்டிக்கும்.

பூபாலன் கண்ணாடி கொண்டுவந்தான்:
கலவரத்தில் உடையாமல் தப்பிய
செருப்புக்கடைக் கதவு, நூற்றைம்பது ரேண்ட்.
ஓப்பன் என்ற எழுத்து
சுரண்டியும் முழுசாய்ப் போகவில்லை.
செம்புக் குழாயின் ரசீதைப் பத்திரப்படுத்தினேன்;
இங்கே செம்பு வைத்திருப்பவன்
நிரூபிக்கிற வரை திருடன்.
பிராய் அடுப்புக்குப் பூசும் கறுப்பு, இரண்டு கோட்.
எட்டுப் பற்றவைப்பில் மூன்று ஒழுகின.
அவனும் நானும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஈரோட்டுச் சொந்தம் அனுப்பிய குறிப்பில்
தெற்கு பார்க்கச் சாய்த்து வை என்றிருந்தது.
வைத்தோம்.
நாலு நாளாகத் தண்ணீர்
யாரோ மறந்துபோன தேநீர் போல.

அப்புறம் ஓர் உச்சிவேளை
துணி காயப்போடும்போது கண்டேன்:
என் யூனிஃபார்மின் நிழல்
தெற்கே நீண்டு கிடந்தது.
ஐந்து தலைமுறையாய் இந்த மண்ணில்;
சூரியன் எந்தப் பக்கம் என்று
வீட்டில் ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

கூரைமேல் பெட்டியைத் திருப்பினோம்.
பூபாலனின் முட்டி சிராய்த்தது, என் நகம் ஒன்று போயிற்று.
ஓரடி மேலே டிரம்;
அதற்குப் பழைய கம்பளி இரண்டு சுற்று.

நாலரை மணி. தெருவே அணைந்திருக்கிறது.
குழாயைத் திறக்கிறேன்,
நேற்றைய மதியம் தோளில் விழுகிறது.

கதவைத் தட்டுகிறான்:
"அடியே, எனக்கும் கொஞ்சம் விட்டு வை."